கிராண்ட் கேன்யனில் இரவு தங்கல்: பல வருஷம் அடிபட்ட பிறகு எது நின்றது, எது போனது

கிராண்ட் கேன்யனுக்குள் இரண்டு மூன்று இரவு தங்கிப் போக என்ன பை வாங்கலாம் என்று கேட்டு அடிக்கடி நண்பர்களிடமிருந்து செய்தி வரும். பையைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இடுப்புப் பட்டை எலும்பின் மேல் சரியாக உட்காரும் 50, 60 லிட்டர் பை எதுவும் போதும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஃபீனிக்ஸ் பக்கம் குடிவந்ததிலிருந்து வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய சாமான்களில் பாதிக்கு மேல் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. வேண்டாமென்று ஒதுக்கியவற்றிலும் பாதி அவைதான்.

ஒரு வழியை வைத்துச் சொன்னால் புரியும். தெற்கு விளிம்பின் மேற்குக் கோடியில் ஹெர்மிட் பாதையில் இறங்கி, நடுவில் மேடை போல நீளும் டோன்டோ பாதையில் கிழக்கே நடந்து, பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறி வெளியே வருவது. விளிம்பு 6,600 அடி உயரத்தில், கொலராடோ ஆறு சுமார் 2,400 அடியில். மலையேற்றத்துக்கு நேர் எதிரான கணக்கு இது: கால் புதிதாக இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். கீழே போகப் போக வெயிலும் ஏறும். மேலே ஸ்வெட்டர் போட்டுக் கிளம்புகிறவர் ஆற்றங்கரையில் சட்டையைக் கழற்றுவார். ஜூலையில் ஆற்றங்கரை வெயில் சராசரியாகவே 100 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். அதனால் எங்கள் கூட்டம் மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் தவிர வேறு மாதத்தைத் தொடுவதில்லை.

இந்த வழியில் தண்ணீர் இருக்கும் இடங்கள் இவ்வளவுதான். இறங்கும்போது சான்டா மரியா ஊற்று, சொட்டுச் சொட்டாக. அப்புறம் ஹெர்மிட் ஓடை, வருஷம் முழுக்க ஓடும். அடுத்து மான்யுமென்ட் ஓடை, அதையும் பெரும்பாலும் நம்பலாம். அதற்குப் பிறகு சால்ட் ஓடை, மழை, பனியைப் பொறுத்தது. ஹார்ன் ஓடையில் தண்ணீர் ஓடினாலும் குடிக்கக் கூடாது. அதற்கு மேலே விளிம்பில் ஆர்ஃபன் என்ற சுரங்கத்தில் 1969 வரை யுரேனியம் எடுத்தார்கள். ஓடையில் கதிரியக்கம் கலந்திருக்கிறது என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஃபில்டரோ மாத்திரையோ கொதிக்க வைப்பதோ அதை எடுக்காது. ஆகவே மான்யுமென்ட்டில் பாட்டில் நிரப்பினால் அடுத்து நிச்சயமான தண்ணீர் பிரைட் ஏஞ்சல் பாதையிலுள்ள ஹவாசுபாய் கார்டன்ஸ் கேம்பில்தான். நடுவில் பத்து மைலுக்கும் மேல் நிழலே இல்லாத மேடை.

திட்டமிடும்போது எக்செல் தாளில் நான் முதலில் எழுதுவது இந்த வரிசையைத்தான். எத்தனை மைல் நடப்பது, எங்கே தூங்குவது எல்லாம் அப்புறம். ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ‘உண்டு’, ‘சந்தேகம்’, ‘தொடாதே’ என்று மூன்றில் ஒன்று. சந்தேகம் என்று எழுதியதை வற்றியதாகவே வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். தண்ணீர் இல்லாத இடத்தில் இரவு தங்கினால் சமையல், மறுநாள் காலை நடை இரண்டுக்கும் சேர்த்து ஆறு. ஆறு லிட்டர் என்றால் முதுகில் ஆறு கிலோ. இந்த ஆறு கிலோவைப் பார்த்த பிறகுதான் மற்ற சாமான்களில் எதை விடலாம் என்ற யோசனையே வரும். விளம்பரங்களில் 200 கிராம் குறைப்பதற்காக 200 டாலர் கேட்பார்கள். நல்ல ஓடைக்குப் பக்கத்தில் கேம்ப் போட்டால் இரண்டு கிலோ இலவசமாகக் குறையும்.

தூரக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. டோன்டோ பாதை வரைபடத்தில் அப்பாவியாகத் தெரியும். உண்மையில் அது ஒவ்வொரு பக்கப் பள்ளத்தாக்குக்கும் உள்ளே போய், வளைந்து, எதிர்க்கரை வழியாக வெளியே வரும். விரித்த கைவிரல்களின் ஓரத்தைப் பென்சிலால் வரைவது போல. எதிரே கல்லெறியும் தூரத்தில் தெரியும் மேட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் ஆகும். ஃபோன் ஆப்பில் நானே விரலால் இழுத்துப் போடும் கோடு இந்த வளைவுகளை வெட்டிக்கொண்டு போகிறது. அதில் வரும் மைலை நான் நம்புவதில்லை. பூங்கா தரும் தூரப் பட்டியலும் நனையாத காகித வரைபடமும் போதும். அந்த வரைபடம் மடிப்புகளில் வெளுத்துவிட்டது, கிழியவில்லை. பழைய பதிப்பு என்பதால் அதில் ‘இந்தியன் கார்டன்’ என்றிருக்கும். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான ஹவாசுபாய் மக்கள் கேட்டுக்கொண்டபடி 2022இல் பெயர் மாற்றப்பட்ட அதே இடம்தான் ஹவாசுபாய் கார்டன்ஸ்.

பள்ளத்தாக்குக்குள் இரவு தங்கப் பூங்காவிடம் பெர்மிட் வாங்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். இந்தக் காலத்தில் யாரிடம் ஃபேக்ஸ் இருக்கிறது? அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி அனுப்புவோம். இப்போது எல்லாம் ஆன்லைன். பல மாதங்களுக்கு முன்பே குலுக்கல், மிச்சம் இருப்பது பிறகு பொது முன்பதிவுக்கு வரும். எந்த இரவு எந்தப் பகுதியில் தூங்குகிறோம் என்று இரவுக்கு இரவு குறிப்பிட்டுத்தான் பெர்மிட். நினைத்த இடத்தில் படுக்க முடியாது. மேலே சொன்ன தண்ணீர் வரிசையைப் பெர்மிட் கேட்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டிய காரணமும் இதுதான்.

இனி சாமான்கள்.

அதிக நாள் உழைத்தது குழாய் வடிவ ஃபில்டர். உள்ளே மெல்லிய நார்க்குழல்கள், 0.1 மைக்ரான் துளை. பாக்டீரியாவும் ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணிகளும் நிற்கும். உப்பும் உலோகமும் நிற்காது. கையளவு, மிகக் குறைந்த எடை. ஆனால் இதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. முதலாவது உறைபனி. உள்ளே நிற்கும் ஈரம் உறைந்தால் நார்கள் வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. மார்ச் இரவுகளில் ஃபில்டர் என்னோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்கும். இரண்டாவது சேறும் சுண்ணாம்பும். வண்டல் தண்ணீரை நேராக ஊற்றினால் சில லிட்டரில் திணறும். கூட வரும் சிரிஞ்சால் பின்பக்கமிருந்து தண்ணீர் அடித்தால் சரியாகும். கேன்யன் ஊற்றுகள் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதால் மாதக்கணக்கில் சும்மா வைத்த பிறகு உள்ளே உப்புக் கட்டிக்கொள்ளும். வெள்ளை வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் பழைய ஓட்டம் ஓரளவு திரும்பும்.

தண்ணீரைத் தெளிய வைப்பதற்குப் படிகாரத்தை விட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. 1963இல் க்ளென் கேன்யன் அணை வந்த பிறகு கொலராடோ பல நாள் பச்சையாகத் தெளிந்தே ஓடுகிறது. மேலே அதில் வந்து சேரும் லிட்டில் கொலராடோ ஆற்றிலோ பரியா ஆற்றிலோ மழை பெய்தால் செம்மண் குழம்பாகிவிடும். மடக்கும் துணி வாளியில் அந்தத் தண்ணீரை எடுத்து, நான்கு லிட்டருக்குக் கால் டீஸ்பூன் படிகாரப் பொடி போட்டுக் கலக்கி வைத்தால், இரவுச் சாப்பாடு முடிவதற்குள் மண் அடியில் தங்கிவிடும். ஊரில் குளத்துத் தண்ணீர்ப் பானைக்குத் தேத்தாங்கொட்டை தேய்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. அமெரிக்க மளிகைக் கடைகளிலேயே ஊறுகாய்க்கு என்று மசாலா அலமாரியில் சின்ன டப்பாவில் கிடைக்கும். ஒரு டப்பா இன்னும் தீரவில்லை. தெளிந்த பிறகும் ஃபில்டர் வேண்டும், படிகாரம் கிருமியைக் கொல்லாது.

உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர்ப் பையை நான் கைவிட்டுவிட்டேன். உறிஞ்சிக்கொண்டே நடப்பது சுகம்தான், எவ்வளவு மிச்சம் என்று தெரியாததுதான் தொல்லை. கேம்பில் இரவு ஒரு எலி அதன் வாய்ப்பகுதியைக் கடித்து வைத்தது. அதோடு சரி. இப்போது கடையில் தண்ணீரோடு விற்கும் ஒரு லிட்டர் ஒல்லி பாட்டில்கள் நான்கு, மடக்கும் இரண்டு லிட்டர் பை ஒன்று. பாட்டில் ஒன்று நாற்பது கிராம் சொச்சம், ஃபில்டர் அதன் வாயிலேயே திருகிக்கொள்ளும். கசங்கினால் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்தது.

எலி என்றதும் உணவுப் பை. கேன்யனில் கரடிப் பயம் கிடையாது, பயமெல்லாம் எலி, அணில், ரிங்டெயில் (வளைய வாலுள்ள, பூனை மாதிரி சின்ன விலங்கு), அண்டங்காக்கை. காக்கை ஜிப்பைத் திறக்கும், பொய்யில்லை. கம்பி வலையால் ஆன பை ஒன்று பல வருஷமாக வைத்திருக்கிறேன். கனம்தான், ஆனால் இதுவரை ஒரு பருப்பு போனதில்லை. காலி முதுகுப் பையைக் கேம்பிலுள்ள கம்பத்தில் தொங்கவிடும்போது ஜிப்புகளைத் திறந்தே விட்டுவிடுங்கள். எலி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடும், துணியைக் கடிக்காது.

சாப்பாட்டில் வெள்ளைக்காரர்களின் உலர் உணவுப் பொட்டலங்களை விட நம் அவல் எவ்வளவோ மேல். குளிர்ந்த தண்ணீரில் ஊறும், அடுப்பு மிச்சம், பையில் இடமும் அடைக்காது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சின்ன பாட்டிலில் நெய். சாக்லேட் ஹெர்மிட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும். உப்பு நார்த்தங்காயை ருசிக்காக மட்டும் நான் எடுத்துப் போவதில்லை. வெயிலில் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உப்பாக ஏதாவது கடிக்க வேண்டும் என்பதை எங்கள் கூட்டத்தில் விதியாகவே வைத்திருக்கிறோம். “பசிக்கலடா” என்று சொல்கிறவர் மேல்தான் முதலில் கண் வைப்போம்.

டென்ட், ஷூ பற்றியெல்லாம் சுருக்கமாக: மழை அறிகுறி இல்லாவிட்டால் தரை விரிப்பு மட்டும். காலையில் ஷூவை உதறிப் போடுங்கள். தேள் புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக மின்னும், அந்தச் சின்ன டார்ச் பத்து டாலருக்கும் குறைவு. இறங்குவதற்கு முன் கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வெள்ளிப் பூச்சுக் குடையைப் பார்த்துச் சிரித்தவர்கள் டோன்டோவில் அதைக் கடன் கேட்டிருக்கிறார்கள்.

செயற்கைக்கோள் செய்திக் கருவிக்கு மாதச் சந்தா கட்டுவது எரிச்சல்தான். இருந்தாலும் நிறுத்த மாட்டேன், கீழே ஃபோன் சிக்னலை நம்ப முடியாது. ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: திறந்த மேடையில் நொடிகளில் போகும் செய்தி, ஓடைப் பிளவுக்குள் வானம் ஒரு கீற்றாகத் தெரியும் இடத்தில் வெகுநேரம் திக்கிக்கொண்டு நிற்கும். “ராத்திரி ஏழு மணிக்குச் செய்தி வரும்” என்று வீட்டில் வாக்குக் கொடுக்காதீர்கள். “மறுநாள் மதியம் வரை வராவிட்டால் பயப்படு” என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

யூட்டா எல்லையில் தொடங்கும் பரியா கேன்யனுக்கு இதே சாமான்கள் பொருந்தும், திட்டம் பொருந்தாது. வைட் ஹவுஸ் என்ற தொடக்க இடத்திலிருந்து கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள லீஸ் ஃபெர்ரி வரை 38 மைல், தண்ணீருக்குள்ளேயே பெரும்பாலான நடை. இரவு தங்க ஒரு நாளைக்கு 20 பேருக்குத்தான் அனுமதி, மனிதக் கழிவையும் பையில் கட்டி வெளியே சுமந்து வர வேண்டும். அங்கே தண்ணீர் இல்லாமை பிரச்சினை இல்லை, வெள்ளம்தான். பரியா ஆறு பிரைஸ் கேன்யன் பக்கம் பிறக்கிறது. உங்கள் தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே அங்கே பெய்த மழை இடுக்குக்குள் சுவராக வரலாம். 2023 மார்ச்சில் பக்கத்து பக்ஸ்கின் கல்ச் என்ற குறுகிய இடுக்கில் வெள்ளத்தில் சிக்கி நடைபயணிகள் இறந்தார்கள், அது பருவமழை மாதமே இல்லை. ஆகவே அங்கே நான் பார்ப்பது ஆற்று நீரளவைக் கருவியின் எண்ணையும் மேல்நிலப்பரப்பு முழுவதற்குமான வானிலை அறிக்கையையும். சந்தேகமிருந்தால் பெர்மிட் பணம் போனால் போகட்டும். தோல் பூட்ஸ் அங்கே ஈயக் குண்டு மாதிரி, தண்ணீர் வடியும் வலை ஷூதான் வேண்டும்.

திரும்ப பிரைட் ஏஞ்சலுக்கு: ஹவாசுபாய் கார்டன்ஸிலிருந்து மேலே நாலரை மைல், 3,000 அடி ஏற்றம். குழாய்த் தண்ணீர் இருக்கிறது என்று பாட்டிலைக் குறைக்கத் தோன்றும். அந்தத் தண்ணீர் வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தாக்கின் குறுக்கே வரும் பழைய பைப்பில் வருகிறது. அது அடிக்கடி உடையும். 2024 ஆகஸ்ட் கடைசியில் உடைந்தபோது தெற்கு விளிம்பில் விடுதிகளையே மூட வேண்டியதாயிற்று. வழியிலுள்ள ஓய்வுக் கூடக் குழாய்களும் குளிர்காலத்தில் அடைக்கப்பட்டிருக்கும். கிளம்பும் நாள் காலையிலும் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, கார்டன்ஸில் ஓடும் ஓடையிலிருந்து எடுக்க ஃபில்டரை மேல் ஜிப்பிலேயே வையுங்கள்.

அடுத்த மார்ச்சுக்குக் குலுக்கலில் பெயர் வந்தால் நான் புதிதாக வாங்க வேண்டியவை ஒரு ஃபில்டரும் ட்ரெக்கிங் கம்பின் ரப்பர் முனைகளும்தான். குடையில் ஒரு கம்பி வளைந்திருக்கிறது, இன்னும் ஒரு தடவை தாங்கும்.