நனவைப் பற்றி நான்கு வாரம்: சுங்கை சிப்புட் மாலை வகுப்பு எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் நடக்கும் வகுப்பு. கட்டணம் 20 ரிங்கிட். தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) உண்டு, சீனி தூக்கல்.

முதல் வாரம் முழுக்க, ஆங்கிலத்தின் ‘consciousness’-க்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று மல்லுக்கட்டு. சரியான தொடக்கம்தான். ‘உணர்வு’ என்றால் கோபதாபமும் சேர்ந்துகொள்கிறது. ‘மனசாட்சி’ நன்மை தீமைக்குப் போய்விடுகிறது. ‘அறிவு’ என்றால் தொல்காப்பியத்தின் ஆறறிவு வந்து நிற்கிறது. கடைசியில் ‘நனவு’ என்று முடிவானது. அதற்கும் இரண்டு பொருள்: விழித்திருப்பது, உள்ளே ஒன்றை அனுபவிப்பது. முன்னதை மருத்துவமனையில் 3 முதல் 15 வரை புள்ளி போட்டு அளக்கிறார்கள் (கிளாஸ்கோ அளவுகோல், 1974). பின்னதை அப்படி அளக்க வழியில்லை. கை பழக்கத்தில் பால்மரப் பட்டையைச் சீவ, மனம் வீட்டுக் கடனில் உழல்வதை இந்த வேறுபாட்டுக்கு உதாரணம் காட்டியது நன்றாக எடுபட்டது.

செய்முறைதான் வகுப்பின் உயிர். வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறி, அதற்கு வலப்பக்கம் 7 செ.மீ. தள்ளி ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் குறியையே பார்த்தபடி தாளைச் சுமார் 25 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவந்தால், கண்ணின் குருட்டுப் புள்ளியில் விழுந்து கரும்புள்ளி மறையும். மறையாவிட்டால் பார்வை கரும்புள்ளிக்கு ஓடியிருக்கலாம். ஆனால் அங்கே ஓட்டை தெரியாது, மூளை இட்டுநிரப்பும் வெள்ளைதான் தெரியும்.

சறுக்கல் மூன்றாம் வாரம். தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995-இல் பிரித்துக் காட்டிய ‘கடினப் பிரச்சினை’யை மூளைப் படங்களோடு முடித்துவிட்டார்கள். எந்த நரம்பு எப்போது இயங்குகிறது என்பது அதற்குப் பதில் அல்ல. அந்த இயக்கம் மிளகாய் உறைப்பாக ஏன் உணரப்படுகிறது என்பதே கேள்வி. சைவ சித்தாந்தத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் ஒதுக்கியது அநியாயம்.

பின்வரிசையில் ஒலிபெருக்கி கேட்காது, முன்னால் உட்காருங்கள்.