பறங்கிக்காய்க்கு ஜோடி: பாலா, கருவாடா, வறுத்த அரிசியா?

பறங்கிக்காய் வாங்கி வந்தாலே "ஐய, இனிக்குமே" என்று முகம் சுளிக்க வீட்டுக்கு ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் அது நான்தான். அந்த இனிப்போடு ஒத்துப்போவதா, மல்லுக்கட்டுவதா? ஒரே காயை மூன்று கூறாக்கி, மூன்று விதமாகச் சமைத்துப் பார்த்தேன்.

ஒத்துப்போகிற ரகம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பால் கூட்டு. பிஞ்சுக்காய் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள். அரைத் தம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, பாலில் கரைத்த அரிசிமாவைச் சேர்த்து, இறக்கியபின் வெல்லம். கொதிக்கும்போதே வெல்லத்தைப் போட்டு ஒருமுறை பால் திரிந்துபோய், கூட்டு பன்னீர் போல நின்றது. ருசி சாதுவானது. காரக்குழம்புக்குத் தொட்டுக்கொள்ளலாம், அதை மட்டும் பிசைந்து சாப்பிட எனக்குப் பொறுமை இல்லை.

நேர் எதிர், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. உப்பும் புளியும் காரமும் ஒரு பக்கம் இழுக்க, காயின் இனிப்பு மறுபக்கம் இழுக்கும். இதில் ஒரு சூட்சுமம்: புளியில் வேகும் காய் சட்டென்று குழையாது. அதனால் குழம்பு கொதி வந்தபின் பெரிய துண்டுகளாகப் போட்டால் முனை மழுங்காமல் நிற்கும். அகப்பைக் காம்பால் குத்தினால் இறங்க வேண்டும், உடையக் கூடாது. கருவாட்டை வெந்நீரில் அலசிக் கடைசியில் சேர்த்து, அதற்கப்புறம் உப்பைப் பாருங்கள். மறுநாள் சட்டியின் அடியில் மிஞ்சும் துண்டுக்கு வீட்டில் சண்டையே நடக்கும்.

மூன்றாவது இலங்கையில் சிங்களவர் வீட்டுக் கறி, 'வட்டக்கா களு பொல்'. களு என்றால் கறுப்பு, பொல் என்றால் தேங்காய். ஒரு கரண்டி பச்சரிசி, இரண்டு கரண்டி தேங்காய்த்துருவல் இரண்டையும் வெறும் சட்டியில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். 'தீய்ஞ்சுடுச்சோ' என்று கை பதறும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். கடுகோடு சேர்த்துப் பொடித்து, தோலோடு வெந்த காயில் தேங்காய்ப்பாலுடன் கலந்தால் போதும். இனிப்பு எங்கும் போகவில்லை. ஆனால் புகைவாசமும் லேசான கசப்பும் அதன் வாயை அடைத்துவிடுகின்றன. அரிசிப்பொடி நீரை உறிஞ்சிக் கறியைத் திக்காக்கும் என்பதால் சொதசொதவென்ற காய்க்கும் இது சரிப்படும். வாசனைக்குப் போடும் ரம்பை இலை கிடைக்காவிட்டால் கறிவேப்பிலையே போதும்.

கேரளத்து எரிசேரியிலும் தேங்காயை வறுத்துத்தான் போடுகிறார்கள், ஆனால் பொன்னிறத்தோடு விட்டுவிடுகிறார்கள். இனிப்பு பிடிக்காதவர்களுக்கு அது பத்தாது.

என் ஓட்டு களு பொல்லுக்கு. கருவாடு ஒரு நூலிழையில் தோற்றது, அதுவும் அன்றைக்குச் சோற்றுக்குப் பதில் இடியாப்பம் பிழிந்திருந்ததால்.