புகையே வராது என்று விற்ற விறகு அடுப்பு: வாங்கும் முன் உள்ளே ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள்

பொருட்காட்சியில் ஃபேன் வைத்த விறகு அடுப்பு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வெந்நீர் போட்டே சிலிண்டர் தீர்ந்துபோகிறதே என்று போன மார்கழியில் 4,200 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். விற்றவர் கண்முன்னே பற்றவைத்துக் காட்டினார், மேல் விளிம்பில் சுடர் பூப்போல உள்பக்கமாக விரிந்து எரிந்தது, புகை துளியும் இல்லை. "அக்கா, கதவைச் சாத்திட்டுக்கூட சமைக்கலாம்" என்றார். அந்தப் பேச்சை நம்பினேன்.

வீட்டில் பற்றவைத்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை. போன் செய்தால், விறகு ஈரமாக இருக்கும் என்றார். சரி, அதிலும் நியாயம் இருந்தது. விறகுத் தொட்டியில் எடைக்கு வாங்கிய சவுக்கு, இப்போதுதான் வெட்டியது, பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்த சீமைக் கருவேலம் வாங்கி விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட்டேன். அப்போதும் அதே புகை.

அப்புறம் அடுப்பு ஆறியதும் சாம்பலைக் கொட்டி டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த வகை அடுப்பில் கீழ் ஓட்டைகள் வழியாக வரும் காற்று விறகை எரிக்கும், மேல்வரிசை ஓட்டைகள் வழியாக வரும் சூடான காற்று எழும்பும் புகையை எரிக்கும். என்னுடையதில் மேல்வரிசை முழுக்க ஆணியால் தட்டிய மாதிரி பள்ளம் மட்டும்தான், ஒன்றிலும் துளை விழவில்லை. காட்டியது ஒன்று, பெட்டியில் போட்டுக் கொடுத்தது வேறொன்று.

காசு போனதைக்கூட விட்டுவிடலாம். ஒருநாள் விடிகாலை, புகை அடங்கித் தணல் மட்டும் இருந்தபோது, குளிருக்கு அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தலைவலி, குமட்டல், எழுந்தால் கால் தள்ளாடுகிறது. முற்றத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரி. கார்பன் மோனாக்சைடு என்றார் டாக்டர். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, புகையே இல்லாத தணலிலிருந்தும் வரும். எந்த விறகு அடுப்பையும் கதவைச் சாத்தி எரிக்கச் சொல்லி ஒருவர் விற்கிறார் என்றால் அவர் உயிரோடு விளையாடுகிறார்.

திரும்பக் கேட்கலாம் என்றால் போன் அணைந்திருக்கிறது, கையில் இருப்பது முகவரி இல்லாத துண்டுச் சீட்டு. நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். அதனால் முறையான பில் இல்லாமல் காசை எடுக்காதீர்கள், ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், இந்த அடுப்புக்கான தர எண் ஐ.எஸ். 13152. பெட்டியை அங்கேயே பிரித்து, மேல்வரிசையில் ஒவ்வொரு ஓட்டையிலும் ஈர்க்குச்சி நுழைகிறதா என்று பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அம்மா இப்போது தேறிவிட்டார். வெந்நீர் மறுபடியும் கொல்லையில், பழைய மண் அடுப்பில்தான்.