பார்வோ–கொரோனா பரிசோதனை அட்டை: நம்பலாம், ஆனால் முழுவதும் அல்ல

காட்பாடியில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் கால்நடை மருத்துவமனையில், வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வரும் நாய்க்குட்டிகளுக்கு முதலில் செய்வது இந்த அட்டைப் பரிசோதனைதான். குட்டிகளுக்கு இத்தகைய வாந்தியையும் ரத்தக் கழிச்சலையும் உண்டாக்கும் பார்வோ வைரஸுக்கும் நாய்களின் குடலைத் தாக்கும் கொரோனாவுக்கும் (இது கோவிட் வைரஸ் அன்று) ஒரே அட்டையில் தனித்தனிக் குழிகள் உள்ளன. ஆசனவாயில் பஞ்சுக்குச்சியை விட்டு மலத்தைத் தொட்டெடுத்து, குப்பியிலுள்ள திரவத்தில் கலக்கிச் சில சொட்டுகள் விட்டால், சுமார் 10 நிமிடங்களில் முடிவு தெரிந்துவிடுகிறது. எங்கள் குட்டிக்குப் பார்வோ பக்கத்தில் தெரிந்த, நோயைக் காட்டும் இரண்டாவது கோடு மிகவும் வெளிறிய இளஞ்சிவப்பாகவே இருந்தது. ஆயினும் மருத்துவர் அதை நோய் என்றே கொண்டு, உடனே தனி அறைக்கு மாற்றி டிரிப்ஸ் ஏற்றியது மிகச் சரியான முடிவு.

இந்த அட்டை பார்வோவின் வகையைச் சொல்லாது. பூனைகளின் பான்லூக்கோபீனியா வைரஸுக்கு நெருங்கிய உறவுள்ள இந்த வைரஸ், 1978இல் நாய்களிடம் கண்டறியப்பட்ட பின் 2ஏ, 2பி, 2சி என உருமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2சி முதலில் இத்தாலியில் அடையாளம் காணப்பட்டது, இந்தியாவிலும் பதிவாகியுள்ளது. இம்மூன்றையும் பிரித்தறிய உதவுவது மேலுறைப் புரதத்தின் 426ஆம் இடத்திலுள்ள ஒரேயொரு அமினோ அமிலம்: 2ஏயில் அஸ்பராஜின், 2பியில் அஸ்பார்டிக் அமிலம், 2சியில் குளூட்டாமிக் அமிலம். டிஎன்ஏ வைரஸாக இருந்தும் ஆர்என்ஏ வைரஸ்களுக்கு நிகரான வேகத்தில் இது மாறுவது வியப்புக்குரியது. வகையை அறிய மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். ஆனால் எந்த வகையானாலும் சிகிச்சை ஒன்றே என்பதால், இதை அட்டையின் குறையாக நான் கருதவில்லை.

உண்மையான குறை வேறு. குட்டியின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் மலத்திலுள்ள வைரஸை மூடிக்கொண்டாலோ, வைரஸ் வெளியேறுவது குறைந்துவிட்டாலோ, நோய் இருந்தும் கோடு விழாது. பக்கத்துத் தெருக் குட்டி ஒன்றுக்கு வேறோர் இடத்தில் கோடு விழவில்லை என்று வயிற்றுப்போக்கு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்ததைப் பார்த்த பிறகே பார்வோவுக்கான சிகிச்சை தொடங்கியது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா, அஸ்ட்ரோ போன்ற வைரஸ்கள் இந்த அட்டையில் இடம்பெறவே இல்லை. அண்மையில் தடுப்பூசி போட்ட குட்டிக்கு ஊசியிலுள்ள வைரஸாலேயே கோடு விழவும் கூடும் என்பதால், ஊசி போட்ட தேதியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

புதிய வகைக்குப் பழைய ஊசி பலிக்காது என்று இங்கே பலர் சொல்கிறார்கள். ஆனால் தற்போதைய ஊசிகள் 2சிக்கு எதிராகவும் காக்கின்றன. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுப்பதே பெரும்பாலும் தோல்விக்குக் காரணம், ஆகவே கடைசித் தவணை 16 வாரம் நிறைந்த பிறகு அமைய வேண்டும். அட்டையை வாங்கி வீட்டிலேயே செய்து பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரத்தப் பரிசோதனை வசதியும் நோயுற்ற குட்டிகளைத் தனியே வைக்க இடமும் உள்ள மருத்துவமனையில் செய்தால் மட்டுமே அதற்குக் கொடுக்கும் காசு தகும்.