முன்கூட்டியே டிக் போட்ட திருப்தி

திருபுவனத்துப் பெரியம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, அந்தத் தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்த பெண் நீட்டிய கருத்துப் படிவத்தில், எல்லாக் கேள்விகளுக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. மருத்துவர் விளக்கினாரா, செவிலியர் கனிவாக நடந்தாரா, வார்டு சுத்தமாக இருந்ததா என்பவற்றையாவது பொறுத்துக்கொள்ளலாம்; பணம் ஏதும் வசூலிக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் அவர்களே ‘இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். காப்பீட்டு ஒப்புதல் வருவதற்கு முன் எடுத்த எக்கோவுக்கும் ரத்தப் பரிசோதனைகளுக்கும் “இதெல்லாம் கார்டுல வராது” என்று சொல்லி நாலாயிரத்துச் சொச்சம் ரொக்கமாக வாங்கியதும் அதே கட்டடத்தில்தான்.

காரணம் கேட்டதற்கு, “படிக்கத் தெரியாதவங்க நிறையப் பேர் சார், அதான் நாங்களே போட்டுடுறோம்” என்றார் அந்தப் பெண். தினமும் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விடாமல் படிக்கும் பெரியம்மா, அதைக் கேட்டும் முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். “உசுரக் காப்பாத்தியிருக்காங்க, ஒரு கையெழுத்துல என்னடா வந்துச்சு?” என்று எனக்குத்தான் திட்டு விழுந்தது.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. 2009இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் அந்த அட்டை இல்லாவிட்டால், தறிக்காரர் வீட்டில் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேச்சே எழுந்திருக்காது. பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு விடியற்காலையில் போய் நின்ற நாட்களில் எவரும் நம்மிடம் படிவம் நீட்டியதில்லை. ஆனால் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு நலம் விசாரிக்க வருபவர்கள், எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்த வார்டில் யாரிடம் என்ன கேட்டார்கள் என்று திண்ணையில் நடத்திய ஆய்வில் ஒளிவுமறைவே இருந்ததில்லை.

இங்கிலாந்தில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால், அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அது எரிச்சலூட்டும் வழக்கம்தான் என்றாலும், பதில் எழுதும்போது மருத்துவமனை ஆள் பக்கத்தில் நிற்பதில்லை. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில், தேசிய சுகாதாரச் சேவையில் திருப்தி என்றவர்கள் 2010இல் 70 சதவீதமாக இருந்து, 2024இல் 21 சதவீதமாகச் சரிந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காசு கொடுக்காத மக்கள் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறார்கள் என்றால், காத்திருப்பு அவர்களை அந்த அளவுக்கு வாட்டியிருக்கிறது. அதைத் துணிந்து சொல்லும் இடத்தில் அவர்களிடம் கேட்டும் இருக்கிறார்கள்.

நம் ஊரில் கணக்கு வேறு விதம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மூன்றில் இரண்டு வீடுகளில் ஒருவருக்காவது மருத்துவக் காப்பீடு இருக்கிறது. நாட்டின் சராசரியோ 41 சதவீதம்தான். பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் அட்டை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அட்டை இருந்தும் கைக்காசு எவ்வளவு போயிற்று என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்வியும் வந்தது. வீடு திரும்பிய சில நாட்களில், திட்டத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, ஆஸ்பத்திரியில் பணம் ஏதும் வாங்கினார்களா என்று மரியாதையாகவே விசாரித்தார். “அதெல்லாம் இல்லம்மா, ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாங்க” என்றார் பெரியம்மா. நான் போனை வாங்குவதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டால், “அடுத்த மாசம் செக்கப்புக்கு அதே டாக்டர் முன்னாடிதானே போய் உக்காரணும்?” என்கிறார்.

பணம் வாங்கினார்களா என்று கேட்பதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரி ரசீது ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். பெரியம்மா மஞ்சள் பையிலிருந்து எல்லா ரசீதுகளையும் எடுத்து, தேதி விடாமல் படித்தே காட்டியிருப்பார்.