வாரிக் ஊரில் ஒரு குதிரைப்படையின் வம்சாவளி

இங்கிலாந்தின் வாரிக் போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். ஜூரி தெருவில், பழைய கோர்ட் ஹவுஸின் அடித்தளத்தில் வாரிக்‌ஷயர் யோமன்ரி அருங்காட்சியகம் இருக்கிறது. பிரெஞ்சுப் படையெடுப்பு பயத்தில் 1794இல் உள்ளூர்க்காரர்கள் திரட்டிய தொண்டர் குதிரைப்படைதான் இந்த யோமன்ரி. 1917 நவம்பரில் பாலஸ்தீனத்தின் ஹூஜில், உருவிய வாளோடு பீரங்கிகள் மேல் பாய்ந்தார்கள். அந்தக் காலத்து வாளைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: வளைவே இல்லை, குத்துவதற்கென்றே நீண்டு நேராக இருக்கும். 1942இல் எகிப்தின் எல் அலமைனில் அதே படை டாங்கியில்!

1956இல் பக்கத்து வொர்ஸ்டர்‌ஷயர் படையோடு இணைப்பு, 1971இல் மெர்சியன் யோமன்ரி என்ற புதிய படையில் கலந்தது, 1992இல் லங்காஷயர்காரர்களும் சேர்ந்தார்கள். இத்தனைக்கும் பிறகு பழைய மாவட்டப் பெயரை ஒரு ஸ்குவாட்ரனிலாவது (படையின் ஒரு பிரிவு) காப்பாற்றினார்களே, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்ன இடம்தான், நிதானமாகப் பாருங்கள். திறந்திருக்கும் நாளை மட்டும் விசாரித்துக்கொண்டு போங்கள்.