கூரையை அறுத்த 560 எஸ்இசி: பத்து வருடம் ஓட்டிய பிறகு

போன வாரம் சாக்ரமெண்டோவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். 1989 மாடல் பென்ஸ் 560 எஸ்இசி, அதாவது இரண்டு கதவுப் பெரிய கூப்பே, ஒன்று துருவில்லாமல் கிடைத்திருக்கிறதாம். "அண்ணே, உங்க வண்டி மாதிரியே கூரையை எடுத்துட்டு கன்வெர்ட்டிபிள் ஆக்கிடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?" என்றான். அன்றைக்குத்தான் என் வண்டி 4,200 டாலர் பில்லோடு டிங்கரிங் பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தது. அந்தச் சூட்டில் கடுமையாகப் பேசிவிட்டேன். அவனுக்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

என்னுடையது 1988 மாடல். 2015-இல் வாங்கினேன். புதிதாக இருந்தபோதே அதன் முதல் சொந்தக்காரர் கலிஃபோர்னியாவில் ஒரு பட்டறையில் கொடுத்து, கூரையை அறுத்துத் துணி டாப் போட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் இந்த ஆசைக்கு நியாயம் இருந்தது. 280 எஸ்இ கேப்ரியோலே என்ற திறந்த வண்டியை 1971-இல் நிறுத்திய மெர்சிடிஸ், அதன் பிறகு இருபது வருடம் நாலு பேர் உட்காரும் திறந்த சொகுசுக் கார் எதையும் செய்யவில்லை. எஸ்எல் இருந்தது, ஆனால் அது இருவருக்கான வண்டி. எஸ்இசி வைத்திருந்தவர்கள் பட்டறைகளைத் தேடிப் போனார்கள்.

இன்ஜினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 5.5 லிட்டர் வி8, எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழுத வேண்டியது என் இடது முழங்காலைப் பற்றி.

இங்கே வட கலிஃபோர்னியாவில் நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. முன் கண்ணாடிச் சட்டமும் டாப்பும் கதவுக் கண்ணாடியும் ஒன்றுசேரும் மூலையிலிருந்து என் இடது முழங்காலில் ஒரு சொட்டு விழும். பத்து வருடமாக விழுகிறது. ரப்பர் பீடிங்கை மூன்று தடவை மாற்றினேன். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு மாதம் நிற்கும், பிறகு ஒரு குழியில் சக்கரம் இறங்கும், அடுத்த மழைக்கு மறுபடியும் சொட்டும். 2023 ஜனவரியில் வாரக்கணக்கில் கொட்டியதே, அப்போது சொட்டு ஒழுக்காகி, கார்பெட் ஊறி நாற்றமெடுத்தது.

ரப்பரில்தான் குற்றம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தத் தடவை கார்பெட்டை முழுதாகக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டத்தைப் பலப்படுத்த உள்ளே ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். அதை நீளத்துக்கும் பற்றவைக்காமல், பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து விட்டிருக்கிறார்கள். ஒழுகிய தண்ணீர் அந்தத் தகட்டுக்குப் பின்னால் தேங்கித் துருப்பிடித்திருக்கிறது. துருவால் பாடி இளகியது. பாடி இளகியதால் கண்ணாடிச் சட்டம் ஆடியது. சட்டம் ஆடியதால் கண்ணாடி ரப்பரை விட்டு விலகியது. சொட்டும் ஆட்டமும் ஒரே நோய்.

தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். உறைக்குள் இருந்தபோது முறுகாதது இப்போது முறுகும். எஸ்இசியில் கதவுக் கண்ணாடிக்கும் பின்சீட்டுப் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே தூணே கிடையாது, அதனால் முறுக்கத்தைத் தாங்குவதில் கூரையின் பங்கு பெரியது. அதை எடுத்தால் கீழ்ச்சட்டம், தரை, பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்பு, முன் கண்ணாடித் தூண் எல்லாவற்றையும் பலப்படுத்த வேண்டும். வெட்டும் முன்பே கதவு வாயில்களில் குறுக்கே குழாய் வைத்துப் பற்றவைக்காவிட்டால் வெட்டும்போதே பாடி தொய்ந்துவிடும். 124 என்ற நடுத்தர மாடலின் கூப்பேயிலிருந்து மெர்சிடிஸே கேப்ரியோலே செய்து 1991-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியபோது, ஏறத்தாழ ஆயிரம் பாகங்களை மாற்றியிருந்தார்கள். அதிர்வை அடக்கத் தனியாக டேம்பர்களும் வைத்தார்கள். நாலு பேர் உள்ள பட்டறையில் அது எப்படி முடியும்?

இத்தனையும் சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். உட்சைட்டிலிருந்து லா ஹோண்டா வழியாகச் சான் கிரகோரியோ கடற்கரைக்குப் போகும் 84-ஆம் நம்பர் சாலையில், மாலை நேரத்தில், டாப்பை மடக்கிவிட்டு இந்த வண்டியை ஓட்டியதைப் போல ஒரு சுகத்தை வேறு எந்த வண்டியிலும் நான் அனுபவித்ததில்லை. ரெட்வுட் மரங்களுக்குள் நுழைந்ததும் குளிர் தோளில் இறங்கும். நனைந்த மரப்பட்டை வாசனை வரும். வி8 அடிக்குரலில் உறுமிக்கொண்டே இருக்கும். கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினால், பின்னாலிருந்து சின்ன இயந்திரக் கை ஒன்று சீட் பெல்ட்டை நீட்டித் தருகிறது, 37 வருடம் கழித்தும். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது முதல் நாள் ஏறவே மாட்டேன் என்றாள். ஸ்கைலைன் மலைச்சாலையில் இருட்டியபின் டாப்பை மூடப்போனேன். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இருக்கட்டும்டா, நட்சத்திரம் தெரியுது" என்றாள். அவளை அப்படிப் பார்த்ததற்காகவே இந்த வண்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

டிக்கியில் பாதியை ஹைட்ராலிக் பம்பும் மடித்த துணியும் பிடித்துக்கொள்கின்றன. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி, உன் வண்டியை வெட்டாதே. நாலு கண்ணாடியையும் இறக்கு, சன்ரூஃபைத் திற. நடுத்தூண் இல்லாத அந்த வண்டியில் பாதிக் காற்று அப்படியே கிடைக்கும். கை படாத எஸ்இசியை இனி யாரும் செய்யப்போவதில்லை. வெட்டியதை ஒட்டவும் முடியாது. திறந்த வண்டிதான் வேண்டுமென்றால், ஏற்கெனவே வெட்டியதாக ஒன்றைத் தேடு. பார்க்கப் போகும்போது ஜாக் கொண்டுபோ. ஒரு மூலையைத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடு. கதவு இடித்தால் பாடி முறுகுகிறது என்று அர்த்தம், அங்கேயே விட்டுவிட்டு வா.

என் வண்டியை விலைக்குக் கேட்டாய். தர மாட்டேன். தகட்டை முழு நீளத்துக்கும் பற்றவைத்தாகிவிட்டது. வியாழக்கிழமை மழை என்கிறார்கள், அன்றைக்கு அதில்தான் வேலைக்குப் போகப் போகிறேன்.